சில்லறை மாற்றுவதல்ல இது

"அண்ணா, லாக்ல 3,12,000 ரெக்கார்டுன்னு சரியாத்தான் காட்டுது. ஃபைலைத் திறந்தா தலைப்பு வரி மட்டும் இருக்கு. மீதியெல்லாம் எங்க போச்சு?"

கூட வேலை பார்க்கும் தம்பி இப்படிக் கேட்டபோது கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. லாக் சரியாகக் காட்டியதால்தான் ஃபைல் காலியாக இருந்தது. எத்தனை பதிவுகள் என்று அச்சிட அவன் ஒரு வரி சேர்த்திருந்தான்: டேட்டாபேஸிலிருந்து வரும் இட்டரேட்டரை லிஸ்ட் ஆக்கி, அதன் நீளத்தை எடுத்து, லாக்கில் போடு. அந்த லிஸ்ட்டை எந்த மாறியிலும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வரியில் அதே இட்டரேட்டரை லூப்பில் ஓட்டி ஃபைலில் எழுதப் பார்த்தான். எழுத ஒன்றும் மிச்சமில்லை. பைத்தான் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வேலையை முடித்துவிட்டது.

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். பைத்தானில் 'லிஸ்ட்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் இட்டரேட்டரைப் போட்டால் லிஸ்ட் ஆகிவிடுகிறது. ஜாவாவில் மூன்று நான்கு வரிகள். இவ்வளவு சுளுவாக நடக்கும் காரியம் என்பதாலேயே யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. சுற்றிலும் சில நம்பிக்கைகள் பாசிபோலப் படிந்துவிட்டன.

"மாற்றினால் உருவம்தான் மாறும், மூலம் அப்படியே இருக்கும்"

'கன்வெர்ட்' என்கிற சொல் செய்த வேலை இது. மாற்றுவது என்றதும் சில்லறை மாற்றுவதுதான் நம் நினைவுக்கு வரும். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஐந்து நூறு வாங்கலாம். வேண்டுமென்றால் அதே கடையில் திரும்ப ஐந்நூறாக்கிக்கொள்ளலாம். இட்டரேட்டரை லிஸ்ட் ஆக்குவது அந்த வகையில் சேராது. அது அரிசியைச் சோறாக்குவது. சோறு தட்டில் இருக்கிறது, டப்பாவில் அரிசி இல்லை.

இட்டரேட்டர் தன்னிடம் பொருள்களை அடுக்கி வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. 'அடுத்ததைக் கொடு' என்றால் கொடுக்கத் தெரிந்தால் போதும். தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 'நெக்ஸ்ட்' அழைப்பும் ஒரு தாளைக் கிழித்துக் கையில் தருகிறது. லிஸ்ட் ஆக்குவது என்றால், டிசம்பர் 31 வரை ஒரே மூச்சில் கிழித்து மேசையில் அடுக்குவது. அடுக்கு நம்மிடம் இருக்கும். சுவரில் சாமி படம் போட்ட அட்டை மட்டும் தொங்கும். தம்பி செய்தது, கிழித்த தாள்களை எண்ணிவிட்டுக் குப்பையில் போட்டது.

தீர்ந்துபோன இட்டரேட்டரை மறுபடி லிஸ்ட் ஆக்கினால் பைத்தான் காலி லிஸ்ட்டைத் தரும். ஜாவாவிலும் 'ஹேஸ்நெக்ஸ்ட்' பார்த்துச் சுற்றும் லூப் ஒரு தடவைகூடச் சுற்றாமல் முடிந்துவிடும். இந்த விஷயத்தில் ஜாவாவின் ஸ்ட்ரீம் எனக்குப் பிடித்தமானது. ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி தொட்டால், 'இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். சத்தம் போடும் பிழையைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

லிஸ்ட் ஆக்கினால்தான் தாள் கிழியும் என்றும் இல்லை. 1, 2, 3, 4 தரும் ஒரு பைத்தான் இட்டரேட்டரிடம் 'இன்' போட்டு, "உன்னிடம் 2 இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொல்லும். அப்புறம் லிஸ்ட் ஆக்கினால் 3, 4 மட்டும் வரும். தேடும்போதே முதல் இரண்டையும் கிழித்துவிட்டது. அதே நான்கு எண்களை, இரண்டே எண்கள் தரும் இன்னொரு இட்டரேட்டரோடு 'ஜிப்' செய்தால் கூத்து வேறு மாதிரி. முதலாவதிலிருந்து 3 எடுத்த பிறகுதான் இரண்டாவது தீர்ந்துவிட்டது என்று 'ஜிப்'புக்குத் தெரியவரும். எடுத்த 3 எந்த ஜோடியிலும் சேராமல் காற்றில் போகும். அடுத்து கேட்டால் 4 வரும்.

லிஸ்ட் ஆக்கும்போது பாதியில் பிழை வந்தால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. பத்தாயிரம் பதிவுகளில் ஒன்பதாயிரமாவதில் ஒரு கெட்ட தேதி. ஜெனரேட்டர் எக்ஸெப்ஷன் எறிகிறது. அதுவரை வந்தவையாவது மிஞ்சுமா? மிஞ்சாது. பாதி கட்டிய லிஸ்ட் நம் கைக்கு வரவே வராது, ஜெனரேட்டரும் அத்தோடு முடிந்தது. காலி லிஸ்ட் ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக 'அப்பெண்ட்' செய்திருந்தால், முந்தைய பதிவுகள் பத்திரமாக இருந்திருக்கும். ஒரே வரியில் எழுதுவது அழகுதான், ஆனால் அந்த அழகுக்கு இப்படி ஒரு விலை உண்டு.

"லிஸ்ட்டிலிருந்து இட்டரேட்டர் எடுத்தால் ஒரு பிரதி கிடைக்கும்"

எதிர்த் திசையில் போகும்போது வரும் நம்பிக்கை இது. லிஸ்ட்டிலிருந்து எடுத்த இட்டரேட்டர், புத்தகத்துக்கு நடுவில் வைத்த விரல் மாதிரி. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் விரலுக்குத் தெரியும். ஒரே புத்தகத்தில் இரண்டு பேர் இரண்டு விரல் வைக்கலாம். ஒன்று நகர்ந்தால் மற்றது நகராது. ஆனால் புத்தகம் ஒன்றுதான். யாராவது நடுவில் ஒரு தாளை உருவினால் இரண்டு விரலுக்கும் கணக்குத் தவறும்.

2, 4, 6, 7 என்று ஒரு பைத்தான் லிஸ்ட். லூப் போட்டு இரட்டை எண்களை அதே லிஸ்ட்டிலிருந்து நீக்குகிறோம். 7 மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சுவது 4, 7. முதல் சுற்றில் 2 போனதும் மற்றவை ஓர் இடம் முன்னால் நகர்கின்றன. 4 முதலிடத்துக்கு வந்துவிட்டது, விரலோ இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே 6. அதையும் நீக்கியதும் லிஸ்ட்டின் நீளம் இரண்டு. விரல் மூன்றாம் இடத்தைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்கிறது. 4-ஐயும் 7-ஐயும் லூப் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 7 மிஞ்சியது வெறும் அதிர்ஷ்டம்.

இதற்குச் சரியான மருந்து, லூப்பில் ஓடுவதற்கு லிஸ்ட்டின் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்வது. அதாவது, லிஸ்ட்டையே 'லிஸ்ட்' ஆக்குவது. ஏற்கெனவே லிஸ்ட்டாக இருப்பதை ஏன் மறுபடி ஆக்குகிறான், புரியாமல் எழுதியிருக்கிறான் என்று கோட் ரிவ்யூவில் சிலர் அதை அழித்துவிடுவார்கள். நானே ஒருமுறை அழித்திருக்கிறேன்.

பைத்தானின் டிக்‌ஷனரி இவ்வளவு பொறுமைசாலி அல்ல. லூப் ஓடும்போது அளவு மாறினால் 'ரன்டைம் எரர்' எறிந்துவிடும். பைத்தான் 2-இல் 'கீஸ்' என்று கேட்டால் லிஸ்ட்டே வந்தது, அதனால் லூப்புக்குள் நீக்கினாலும் தப்பித்தோம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, லிஸ்ட்டுக்குப் பதில் டிக்‌ஷனரியையே எட்டிப்பார்க்கும் ஒரு ஜன்னலைத் தந்தது. பழைய கோடைப் புதியதுக்கு மாற்றியவர்கள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள்.

"கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்றால் எங்கோ இரண்டு த்ரெட் மோதுகின்றன"

ஜாவாக்காரர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. பெயரிலேயே 'கன்கரன்ட்' இருக்கிறதே என்பார்கள். த்ரெட் ஒன்றே ஒன்று இருந்தாலும் இது வரும். அரேலிஸ்ட் தன்னில் ஒன்று சேர்ந்தாலும் நீங்கினாலும் 'மாட்கவுன்ட்' என்ற எண்ணை ஒன்று கூட்டிக்கொள்கிறது. இட்டரேட்டர் பிறக்கும்போது அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளும். ஒவ்வொரு 'நெக்ஸ்ட்' அழைப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் எறியும். த்ரெட் எதுவும் இந்தக் கணக்கில் வரவேயில்லை.

சரி, தவறு செய்தால் அது கட்டாயம் பிடித்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. மூன்று பெயர்கள் உள்ள அரேலிஸ்ட்டை லூப்பில் ஓட்டுங்கள். முதலாவதை நீக்கினால் எக்ஸெப்ஷன் வரும். கடைசியை நீக்கினாலும் வரும், இது பலருக்கு வியப்பு. நடுவில் இருப்பதை நீக்கினால் வராது! காரணம், 'ஹேஸ்நெக்ஸ்ட்' கேட்பது ஒரே கேள்வி: நான் நிற்கும் இடமும் லிஸ்ட்டின் அளவும் வேறு வேறா? நடுப்பெயரைப் படித்ததும் இடம் 2. அதை நீக்கியதும் அளவும் 2. சமமாகிவிட்டதால் முடிந்தது என்று லூப் கிளம்பிவிடும். எண்ணை ஒப்பிடும் 'நெக்ஸ்ட்' அழைக்கப்படுவதே இல்லை. மூன்றாவது பெயரை யாரும் பார்க்கவில்லை. கடைசியை நீக்கும்போது இடம் 3, அளவு 2. சமம் இல்லை என்பதால் இல்லாத ஒன்றைத் தேடி 'நெக்ஸ்ட்' போகிறது, மாட்டிக்கொள்கிறது. எத்தனை பெயர் இருந்தாலும் கடைசிக்கு முந்தையது இப்படித் தப்பிவிடும். டெஸ்டுக்கு மூன்று பெயர் வைத்து நடுப்பெயரை நீக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஓடுதே" என்று சொன்னவர்களை நான் நம்புகிறேன். ஓடியிருக்கும்.

நீக்க வேண்டுமென்றால் இட்டரேட்டரின் சொந்த 'ரிமூவ்' இருக்கிறது, ஜாவா 8 முதல் லிஸ்ட்டிலேயே 'ரிமூவ்இஃப்' இருக்கிறது. பிரதி மேலேயே ஓட வேண்டும் என்றால் காப்பிஆன்ரைட் அரேலிஸ்ட் உண்டு. அதன் இட்டரேட்டர் உண்மையிலேயே எடுத்த நொடியின் நிழற்படம். பின்னால் நடக்கும் எதுவும் அதில் தெரியாது, அதன் வழியாக எதையும் நீக்கவும் முடியாது.

"ரேஞ்ச், மேப் எல்லாம் ஒரே குடும்பம், எல்லாமே இட்டரேட்டர்"

பைத்தான் 3 இவற்றை ஒரே நேரத்தில் மாற்றியதால் வந்த குழப்பம். முன்பு 'ரேஞ்ச்', 'மேப்', 'ஃபில்டர்', 'ஜிப்' எல்லாமே லிஸ்ட் தந்தன. இன்று மற்ற மூன்றும் இட்டரேட்டர். 'ரேஞ்ச்' மட்டும் இல்லை. அதற்கு நீளம் உண்டு, பத்தாவது எது என்று நேரே கேட்கலாம், எத்தனை முறை லூப் ஓட்டினாலும் தீராது. 'நெக்ஸ்ட்' கேட்டால் 'டைப் எரர்'தான் தரும். காலண்டர், புத்தகம் இரண்டில் 'ரேஞ்ச்' புத்தக வகை. ஆகவே அதை லிஸ்ட் ஆக்கிவிட்டுப் பயன்படுத்துவது பெரும்பாலும் வீண் வேலை.

இதே குழப்பம் ஜாவாவில் வேறு வேடத்தில் வருகிறது. 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்த ஃபார்-ஈச் லூப்புக்கு இட்டரேட்டர் ஆகாது, இட்டரபிள் வேண்டும். கையில் இட்டரேட்டர்தான் இருக்கிறது என்றால், அதையே திருப்பித் தரும் லாம்டா ஒன்றை எழுதி இட்டரபிள் என்று காட்டிவிடுவது ஒரு பழக்கம். கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், முதல் லூப் ஓடும். ஆனால் கேட்கும்போதெல்லாம் புதிய இட்டரேட்டர் தருவான் என்று நம்பித்தான் பிறர் இட்டரபிளை வாங்குகிறார்கள். இவன் கிழிந்த காலண்டரையே திரும்பத் திரும்ப நீட்டுவான். இரண்டாம் லூப் காலி.

"இட்டரேட்டர் சிக்கனம், லிஸ்ட் ஊதாரி"

பாதி உண்மை, அதனால்தான் இதை அசைப்பது கடினம். 64-பிட் சி-பைத்தானில் பத்து லட்சம் முழு எண்கள் கொண்ட லிஸ்ட்டுக்கு, சுட்டிகளுக்கே ஒன்றுக்கு 8 பைட் வீதம் 80 லட்சம் பைட். எண்கள் தனித்தனிப் பொருள்கள். சாதாரண எண் ஒன்றுக்கு 28 பைட். சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 36 எம்பி. அதே பத்து லட்சத்துக்கான 'ரேஞ்ச்' பிடிக்கும் இடம் 48 பைட். இதைப் பார்த்தவர்கள் லிஸ்ட்டைக் கண்டாலே முகம் சுளிப்பது இயல்பு.

ஆனால் சிக்கனமாக எழுதுகிறோம் என்று நினைத்து எழுதும் பல இடங்களில் லிஸ்ட் உள்ளே ஒளிந்திருக்கிறது. 'சார்ட்டட்' எதை வாங்கினாலும் முதலில் லிஸ்ட் ஆக்கித்தான் வரிசைப்படுத்தும். கடைசியாக வருவதே மிகச் சிறியதாக இருக்கலாம் என்னும்போது வேறு வழி ஏது? சரங்களை ஒட்டும் 'ஜாயின்' ஜெனரேட்டரை வாங்கினாலும், மொத்த நீளத்தைக் கணக்கிட வேண்டியிருப்பதால் உள்ளே லிஸ்ட்டாக்கிக்கொள்கிறது. அங்கே ஜெனரேட்டர் எழுதி நாம் மிச்சப்படுத்துவது இரண்டு சதுர அடைப்புக்குறிகளை மட்டுமே. 'டீ' என்றொரு கருவி ஓர் இட்டரேட்டரை இரண்டாகப் பிரித்துத் தரும். ஒன்றை முழுக்க ஓட்டிவிட்டு மற்றதைத் தொடங்கினால், இடையில் எல்லாவற்றையும் அதுவே சேமித்துவைக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நேராக லிஸ்ட் ஆக்குவதே வேகம் என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது.

லிஸ்ட் ஆக்குவதில் செலவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அது இன்னும் சுவையானது. எத்தனை வரும் என்று இட்டரேட்டருக்குத் தெரியாது. அதனால் ஜாவாவின் அரேலிஸ்ட் முதலில் 10 இடம் போடுகிறது. நிரம்பியதும் ஒன்றரை மடங்கு. 15, 22, 33, 49 என்று வளர்ந்து பத்து லட்சத்தைக் கொள்ள 29 முறை இடம் பெயர வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பவை முழுவதும் பிரதி எடுக்கப்படும். வீட்டுச் சாமானோடு 29 முறை வாடகை வீடு மாறுவது போலத் தோன்றினாலும், மொத்தக் கணக்கில் இது பெரிய சுமை இல்லை. எண்ணிக்கை முன்பே தெரிந்தால் கன்ஸ்ட்ரக்டரில் சொல்லிவிட்டால் அதுவும் மிச்சம். பைத்தான் 3.4-இலிருந்து, இட்டரேட்டர் தன் நீளத்தைப் பற்றிக் குத்துமதிப்பாக ஒரு குறிப்புச் சொல்ல முறையான வழி இருக்கிறது. 'லிஸ்ட்' அதைக் கேட்டு இடம் ஒதுக்கும். ஜெனரேட்டர் அந்தக் குறிப்பைத் தருவதில்லை. தரவும் முடியாது, அதற்கே தெரியாது.

லிஸ்ட்டே ஆகாத இடமும் உண்டு. முடிவில்லாமல் எண்ணிக்கொண்டே போகும் 'கவுன்ட்'டை லிஸ்ட் ஆக்கினால் நினைவகம் தீரும்வரை மெஷின் மூச்சுவாங்கும். அங்கே 'ஐஸ்லைஸ்' போட்டு வேண்டிய அளவு வெட்டிக்கொள்ள வேண்டும்.

சிக்கனத்துக்காகத் தள்ளிப்போட்டதால் உடையும் இடமும் ஒன்று சொல்கிறேன். 'வித்' போட்டு ஃபைலைத் திறந்து, வரிகளை அலசும் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் ஒன்றைச் செய்து, அதை ரிட்டர்ன் செய்கிறது ஒரு ஃபங்ஷன். ஃபங்ஷன் முடிந்ததும் ஃபைல் மூடிவிடும். வாங்கியவர் முதல் வரியைக் கேட்கும்போதுதான் ஜெனரேட்டர் ஃபைலைத் தேடிப் போகிறது. மூடிய ஃபைல் என்று 'வேல்யூ எரர்'. உள்ளேயே லிஸ்ட் ஆக்கித் தந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

"ஜாவாவிலேயே இதற்கு ஒரு மெத்தட் இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை"

இல்லை. தேடி அலுத்தவர்கள் ஆறுதல் அடையலாம். இட்டரேட்டரைக் கொடுத்தால் லிஸ்ட் தரும் நேரடி மெத்தட் ஜாவாவின் சொந்த நூலகத்தில் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் இட்டரேட்டரின் தாத்தாவுக்கு இருக்கிறது. ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே வெக்டர், ஹேஷ்டேபிள் இவற்றோடு வந்த எனுமரேஷனை, 'கலெக்‌ஷன்ஸ்' கிளாஸில் உள்ள 'லிஸ்ட்' மெத்தட் அரேலிஸ்ட் ஆக்கித் தரும். ஜாஷுவா ப்ளாக் வடிவமைத்த கலெக்‌ஷன் ஃப்ரேம்வொர்க்கோடு 1998-இல் வந்த இட்டரேட்டருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஜாவா 8-இல் வந்த 'ஃபார்ஈச்ரிமெய்னிங்' மெத்தடிடம் லிஸ்ட்டின் 'ஆட்'டைக் கொடுத்துவிடுவது இன்று இருப்பதில் சுருக்கமான வழி. க்வாவாவும் அப்பாச்சி காமன்ஸும் தனித்தனியே இதற்கென்று மெத்தட் வைத்திருக்கின்றன. இந்த ஒரு வரிக்காக ஒரு நூலகத்தையே இழுத்துவருவது எனக்கு ஒப்பாது.

"லிஸ்ட் என்று பெயர் இருந்தால் சேர்க்கலாம், நீக்கலாம்"

ஸ்ட்ரீமிலிருந்து லிஸ்ட் வாங்க ஜாவா 16 தந்த 'டுலிஸ்ட்' மாற்ற முடியாத லிஸ்ட்டைத் தருகிறது. பழைய 'கலெக்டர்ஸ்' வழியில் வருவது நடைமுறையில் அரேலிஸ்ட்தான், ஆனால் அப்படியே இருக்கும் என்று அதன் ஆவணம் உறுதி தருவதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நீளமான வரியைச் சுருக்கியவர்கள், வேறெங்கோ ஒரு 'ஆட்' உடைவதைப் பார்த்திருப்பார்கள். 'அரேஸ்' தரும் 'அஸ்லிஸ்ட்' இன்னொரு ரகம். உள்ளே இருப்பதை மாற்றி எழுதலாம், புதிதாகச் சேர்க்க முடியாது, மாற்றினால் மூல அரேயும் மாறும். மாற்ற முடியாதது வேண்டுமா, வேண்டாமா என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது. அரேலிஸ்ட் வேண்டுமென்றால் அந்தப் பெயரையே சொல்லிக் கேட்கலாம்.

இட்டரேட்டர் என்பதே பைத்தான் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி. 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் மாணவர்களும் உருவாக்கிய சி-எல்-யூ மொழியிலேயே இட்டரேட்டரும் 'யீல்ட்'டும் இருந்தன. பைத்தானுக்கு இவை 2001 இறுதியில், 2.2 பதிப்பில் வந்து சேர்ந்தன.

தம்பியின் கதைக்கு வருகிறேன். லிஸ்ட்டை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கைக்கும் எழுதுவதற்கும் அதையே பயன்படுத்தலாம் என்றான். செய்யலாம், 3 லட்சம் பதிவுகளை அந்த மெஷின் தாங்கும். ஆனால் எண்ணிக்கை வேண்டியிருந்தது லாக்குக்கு மட்டும்தான். எழுதிக்கொண்டே எண்ணி, லாக் வரியை லூப்புக்குக் கீழே நகர்த்தினோம். லிஸ்ட் போனது. இரண்டு மாதம் கழித்து, ரிப்போர்ட் பெயர் வரிசையில் வேண்டும் என்று கிளையன்ட் கேட்டார்கள். டேட்டாபேஸிலேயே வரிசைப்படுத்தலாம் என்றேன். பெயர்கள் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழ் முதலில் வர வேண்டுமாம், அதை நம் கோடில் செய்வதுதான் சுலபம் என்றான். 'சார்ட்டட்' எழுதினான்.

"அண்ணா, லிஸ்ட் திரும்பி வந்துடுச்சு," என்றான், எண்ணிக்கை வரியை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டே.